டூயல் என்ரோல்மென்ட்: யூ.சி. சேர்க்கைக்கு உண்மையில் எவ்வளவு உதவும்?

#1 · செம்பருத்தி_94539

வணக்கம். ஒன்பதாவது முடிக்கிற மாணவிக்கு அடுத்த இரண்டு வருடப் பாடத் திட்டம் போட வேண்டும். பள்ளியில் ஏ.பி. (அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட், கல்லூரித் தரப் பள்ளிப் பாடம்) எட்டு இருக்கிறது. அதற்கு மேல் பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டு அரசுக் கல்லூரி) டூயல் என்ரோல்மென்டும் (பள்ளியில் படித்துக்கொண்டே காலேஜ் பாடம் எடுப்பது; இனி டி.இ.) எடுக்கலாம் என்கிறார்கள். இலக்கு யூ.சி. (கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள்); அதோடு இரண்டு மூன்று பிரைவேட். மேஜர் பயாலஜியா கம்ப்யூட்டர் சயின்ஸா என்று இன்னும் முடிவாகவில்லை.

ஜி.பி.ஏ. (கிரேடுகளின் சராசரி) ஏறுமா? கிரெடிட் போகிற இடத்தில் செல்லுமா? ஏ.பி.யை விட்டுவிட்டு இதை எடுப்பது புத்திசாலித்தனமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 · சான்ஹோசே_சங்கர்

யோசிக்கவே வேண்டாம், எடுங்க. காலேஜ் பாடத்தில் 'ஏ' வாங்கினால் 4 இல்லை, 5 பாயின்ட். பீஸும் கிடையாது. எத்தனை முடியுமோ அத்தனை எடுத்தால் ஜி.பி.ஏ. ஏறிக்கிட்டே போகும்.

#3 · கணக்குப்பிள்ளை

சங்கர் சார், முதல் பாதி சரி, பின் பாதி தவறு. இந்தத் தவறால்தான் பிள்ளைகள் வாரம் 70 மணி நேரம் படித்துச் சோர்ந்து போகிறார்கள்.

யூ.சி. ஜி.பி.ஏ. எப்படி வருகிறது என்றால்: ஒன்பதாவது முடிந்த கோடையில் தொடங்கி பதினொன்று முடிந்த கோடை வரைக்கும் எடுத்த ஏ-ஜி பாடங்களின் (சேர்க்கைக்கு யூ.சி. கேட்கிற பள்ளிப் பாட வகைகள்) கிரேடு மட்டும். பிளஸ், மைனஸ் பார்ப்பதில்லை, ஏ-மைனஸும் 'ஏ'தான். ஏ.பி., ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலாரியேட்), யூ.சி. அங்கீகரித்த ஆனர்ஸ், யூ.சி.க்கு மாற்றத்தக்க காலேஜ் பாடம் ஆகியவற்றில் 'சி' அல்லது அதற்கு மேல் வாங்கினால் ஒரு கூடுதல் பாயின்ட். ஆனால் அந்தக் கூடுதல் பாயின்ட் மொத்தம் எட்டு செமஸ்டருக்குத்தான். அதிலும் பத்தாம் வகுப்பிலிருந்து நான்கு செமஸ்டருக்கு மேல் கணக்கில் வராது.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். வருடத்துக்கு ஆறு ஏ-ஜி பாடம், இரண்டு வருடம். ஆக 24 செமஸ்டர் கிரேடு. எல்லாமே 'ஏ' என்றால் 96 பாயின்ட். கூடுதல் 8 சேர்த்தால் 104. 24-ஆல் வகுத்தால் 4.33. இதற்கு மேல் இன்னும் இரண்டு 'ஏ' கிரேடு டி.இ.யில் வாங்குகிறாள் என்று வையுங்கள். எட்டு ஏற்கெனவே நிரம்பிவிட்டதால் அவற்றுக்கு ஆளுக்கு 4 பாயின்ட்தான். 112-ஐ 26-ஆல் வகுத்தால் 4.31. உழைத்துப் படித்து ஜி.பி.ஏ. இறங்குகிறது!

பள்ளியில் எட்டு ஏ.பி. இருக்கும்போது அந்த எட்டு செமஸ்டர் அங்கேயே நிரம்பிவிடும். ஜி.பி.ஏ.க்காக என்று டி.இ. எடுப்பதில் பொருள் இல்லை. ஏ.பி.யே இல்லாத சின்னப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு இதே டி.இ. பெரிய வரம், அந்த எட்டையும் காலேஜில்தான் நிரப்ப முடியும்.

#4 · சான்ஹோசே_சங்கர்

உச்சவரம்பு இருப்பது தெரியும், ஆனால் கேம்பஸ்கள் வரம்பில்லாத வெயிட்டட் (கூடுதல் பாயின்ட் சேர்த்த) ஜி.பி.ஏ.வும் பார்க்கிறார்களே?

#5 · கணக்குப்பிள்ளை

பார்க்கிறார்கள், மறுக்கவில்லை. பாடங்களின் கடினத்தையும் எண்ணிக்கையையும் தனியாகவே எடை போடுகிறார்கள். ஆனால் அந்த எடை "உன் பள்ளியில் என்ன கிடைத்தது, அதில் நீ எதை எடுத்தாய்" என்ற தராசில்தான். பள்ளியில் ஏ.பி. கெமிஸ்ட்ரி இருக்கும்போது அதைத் தாண்டிப் போய் காலேஜில் "இன்ட்ரோ டு கெமிஸ்ட்ரி" எடுத்தால் வாசிக்கிறவருக்கு அது தப்பித்தலாகத் தெரியும். ஏ.பி. கால்குலஸ் பி.சி. முடித்துவிட்டுப் பள்ளியில் அடுத்த கணக்கு இல்லாததால் காலேஜில் மல்டிவேரியபிள் எடுத்தால், பசி உள்ள பிள்ளை என்று தெரியும். டி.இ.யின் மதிப்பு எங்கே பள்ளிப் பாதை முடிகிறதோ அங்கேதான் தொடங்குகிறது.

#6 · செம்பருத்தி_94539

இது தெளிவாகப் புரிகிறது, நன்றி. "மாற்றத்தக்க பாடம்" என்பதை எங்கே பார்ப்பது? காலேஜ் கேட்டலாக்கில் 'டிகிரி அப்ளிகபிள்' என்று போட்டிருந்தால் போதுமா?

#7 · லைப்ரரி_லட்சுமி

போதாதுங்க. 'டிகிரி அப்ளிகபிள்' என்றால் அந்தக் காலேஜின் அசோசியேட் டிகிரிக்கு (இரண்டாண்டுப் பட்டம்) ஆகும் என்று மட்டும்தான் பொருள். சி.எஸ்.யூ.க்கு (கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்) செல்லுபடியாகி யூ.சி.க்குச் செல்லாத பாடங்களும் நிறைய. அசிஸ்ட் டாட் ஆர்க் தளத்தில் காலேஜைத் தேர்ந்து, எடுக்கப் போகிற கல்வியாண்டைச் சரியாகப் போட்டு, 'யூ.சி. டிரான்ஸ்ஃபரபிள் கோர்சஸ்' பட்டியலில் பாட எண்ணைத் தேடுங்கள். வருடத்தை மாற்றிப் போட்டால் பட்டியலும் மாறும், கவனம்.

2025 இலையுதிர் பருவத்திலிருந்து பாட எண்களும் மாற ஆரம்பித்துவிட்டன. கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ் எல்லாவற்றிலும் முதலாண்டு ஆங்கிலக் கட்டுரைப் பாடம் 'இ.என்.ஜி.எல். சி1000', புள்ளியியல் 'ஸ்டாட் சி1000' என்று ஒரே எண். பழைய 'இங்கிலிஷ் 1ஏ' என்று அண்ணன் அக்கா சொன்ன பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காது.

அளவு: மூன்று செமஸ்டர் யூனிட், அல்லது நான்கு குவார்ட்டர் யூனிட் உள்ள மாற்றத்தக்க பாடம், ஏ-ஜியில் ஒரு முழு வருடப் பாடத்துக்குச் சமம். இது பெரிய சலுகை. விட்டுப்போன விஷுவல் ஆர்ட்ஸை ஒரே கோடையில் அடைத்துவிடலாம். அறிவியலுக்கு மட்டும் ஆய்வகம் சேர்ந்த வகுப்பாகப் பாருங்கள். வெறும் லெக்சர் ஏ-ஜியின் 'டி' (அறிவியல்) பிரிவுக்கு உதவாது. லெக்சரும் லேபும் தனித்தனி எண்ணில் இருந்தால் இரண்டிலும் பதிவு செய்ய வேண்டும். பாதிப் பேர் லேபை விட்டுவிடுகிறார்கள்.

பதிவு முறையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் சி.சி.சி.அப்ளை தளத்தில் கணக்கு தொடங்கி விண்ணப்பம். அதில் "இன்னும் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறேன், கூடவே காலேஜும்" என்ற நிலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே தவறினால் முழுக் கட்டணம் பில்லில் வந்து நிற்கும். மாணவர் எண் மின்னஞ்சலில் வரும். பிறகு டூயல் என்ரோல்மென்ட் படிவம்: மாணவி, பெற்றோர், பள்ளிக் கவுன்சிலர் அல்லது பிரின்சிபல், மூன்று கையெழுத்து. ஒவ்வொரு பருவத்துக்கும் புதுப் படிவம். கவுன்சிலர் ஜூன் முதல் வாரத்துக்குப் பிறகு கிடைக்க மாட்டார், ஆகவே கோடை வகுப்புக்கான கையெழுத்தை மே மாதமே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து பிரீரெக்விசிட் கிளியரன்ஸ்: கால்குலஸ் போன்ற பாடத்துக்குப் பள்ளி டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்) அனுப்பி முன்பாடம் முடித்ததைக் காட்ட வேண்டும். இதற்கே சில நாள் பிடிக்கும், அதற்குள் வகுப்பு நிரம்பிவிடும். பள்ளி மாணவர்களுக்குப் பதிவு நாள் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். முதல் வகுப்புக்கு முன்பே வெயிட்லிஸ்டில் பெயர் இருக்கட்டும்.

கட்டணம்: வழக்கமான மாணவருக்கு யூனிட்டுக்கு 46 டாலர். பள்ளி மாணவர்களுக்குப் பருவத்துக்கு 11 யூனிட் வரை பெரும்பாலான காலேஜ்களில் தள்ளுபடி. புத்தகம், ஹெல்த் ஃபீ, பார்க்கிங் எல்லாம் தனி. 2015-இல் வந்த ஏ.பி. 288 சட்டப்படி பள்ளி மாவட்டமும் காலேஜும் ஒப்பந்தம் போட்டு நடத்துகிற வகுப்பு என்றால் 15 யூனிட் வரை போகலாம், புத்தகமும் இலவசம். (இந்த 'ஏ.பி.' அசெம்ப்ளி பில். அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட் இல்லை. இந்தக் குழப்பத்துக்காகவே தனி இழை ஓடியது.)

#8 · டாலஸ்_பாண்டியன்

மற்ற மாநிலக்காரர்களும் படிப்பார்கள் என்பதால் டெக்சஸ் பக்கம் கொஞ்சம். இங்கே கணக்கே வேறே. 1997 சட்டப்படி வகுப்பில் முதல் 10 விழுக்காட்டில் வந்தால் மாநிலப் பல்கலைக்கழகங்களில் தானாகச் சேர்க்கை. யூ.டி. ஆஸ்டினுக்கு மட்டும் அது சுருங்கிச் சுருங்கி 6 ஆனது, 2026 சேர்க்கைக்கு 5. ஆகவே இங்கே எல்லாம் ரேங்க்தான். டூயல் கிரெடிட்டுக்கு (டி.இ.க்கு இங்கே அந்தப் பெயர்) பள்ளி மாவட்டம் எவ்வளவு வெயிட் தருகிறது என்பதே முதல் கேள்வி. சில மாவட்டம் ஏ.பி.க்குச் சமம் தரும், சில மாவட்டம் அரைப் பாயின்ட் குறைக்கும். போட்டி கடுமையான பள்ளியில் அந்த அரைப் பாயின்ட்டிலேயே பிள்ளை 5 விழுக்காட்டிலிருந்து 8-க்குப் போய்விடும். மாவட்டத்தின் கோர்ஸ் கேட்டலாக்கில் ஜி.பி.ஏ. அட்டவணையைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீங்க.

கூடவே இன்னொன்று. ரேங்கில் வந்தால் பல்கலைக்கழகத்தில் இடம் உண்டு. கேட்ட மேஜரில் இடம் என்று யாரும் எழுதித் தரவில்லை.

கிரெடிட் விஷயத்தில் டெக்சஸ் தாராளம். மாநிலம் முழுக்க 42 கிரெடிட் மணிக்கான கோர் (பொதுக் கட்டாய) பாடத்திட்டம். அதில் முடித்ததை எந்த அரசுப் பல்கலைக்கழகமும் கோர் என்றே ஏற்க வேண்டும். மாநில எல்லையைத் தாண்டினால் அந்த உத்தரவாதம் போச்சு.

ஃபுளோரிடாவில் டி.இ.க்கும் ஏ.பி.க்கும் ஒரே வெயிட் தர வேண்டும் என்று சட்டமே இருக்கு. ஜார்ஜியாவில் 2020-க்குப் பிறகு மாநிலம் காசு கொடுப்பது பொதுவாக 30 கிரெடிட் மணி வரைதான். ஒஹையோவில் ஏழாம் வகுப்பிலிருந்தே எடுக்கலாம், மினசோட்டாவில் 1985-லிருந்தே நடக்கிறது. உங்க மாநில விதியை மட்டும் படிங்க. வாட்ஸ்ஆப் குழுவில் வேறு மாநிலத்துக்காரர் சொல்வதைக் கேட்டு இறங்காதீங்க.

#9 · நியூஜெர்சி_நக்கீரன்

பிரைவேட் பற்றி யாரும் தொடவில்லையே. இரண்டு கேள்வியையும் பிரித்துப் பாருங்கள்: சேர்க்கும்போது மதிப்பார்களா, சேர்ந்த பிறகு கிரெடிட் தருவார்களா. முதலாவதுக்கு விடை ஆம். இரண்டாவதுக்குப் பெரும்பாலும் கையை விரித்துவிடுவார்கள்.

போட்டி மிகுந்த தனியார் பல்கலைக்கழகங்கள் வழக்கமாகப் போடும் முட்டுக்கட்டை மூன்று. பாடம் காலேஜ் வளாகத்தில், காலேஜ் மாணவர்களோடு நடந்திருக்க வேண்டும். உயர்நிலைப் பள்ளி வகுப்பறையில் பள்ளி ஆசிரியரே காலேஜ் பெயரில் நடத்தியது செல்லாது. அந்தப் பாடம் பள்ளி டிப்ளமோவுக்கு எண்ணப்பட்டிருக்கக் கூடாது. மூன்றாவது, சிலபஸ் அவர்கள் துறைப் பாடத்தோடு ஒத்துப்போக வேண்டும். இரண்டாவதில்தான் எல்லோரும் மாட்டுகிறார்கள், ஏனென்றால் பள்ளியில் பட்டம் வாங்கவே ஆங்கில டி.இ.யைப் பயன்படுத்தியிருப்பார்கள். டிப்ளமோவுக்கு அது தேவைப்படவில்லை என்று கவுன்சிலர் கடிதம் தர முடிந்தால் சில இடங்களில் கதவு திறக்கும். சிலபஸ் பி.டி.எஃப்.ஐப் பருவம் முடிவதற்குள் சேமித்து வையுங்கள். மூன்று வருடம் கழித்துத் துறை கேட்கும்போது கேன்வாஸ் (காலேஜின் இணைய வகுப்புத் தளம்) பக்கம் மூடியிருக்கும்.

காமன் ஆப்பில் (பல காலேஜ்களுக்கான பொது விண்ணப்பம்) கவுன்சிலர் நிரப்புகிற ஸ்கூல் ரிப்போர்ட் ஒன்று உண்டு. அதில் "இந்தப் பள்ளியில் கிடைப்பதோடு ஒப்பிட்டால் மாணவரின் பாடத்திட்டம் எவ்வளவு கடினம்" என்று ஒரு கட்டம். மிக மேலே இருப்பது 'மோஸ்ட் டிமாண்டிங்'. ஏ.பி.யைக் கைவிட்டு டி.இ.க்குப் போனால் அந்தக் கட்டம் விழுமா என்று கவுன்சிலரிடமே நேராகக் கேட்டுவிடுங்கள். பள்ளிக்குப் பள்ளி விடை மாறும்.

#10 · டாக்டரம்மா_ஓஹையோ

மகள் பயாலஜி என்றதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். பதினைந்து வயதில் வாங்குகிற கிரேடு மருத்துவக் கல்லூரி விண்ணப்பம் வரைக்கும் பின்னாலேயே வரும். ஆம்காஸ் என்கிற பொது விண்ணப்பத்தில், பள்ளிக் காலத்தில் எடுத்தது உட்பட எல்லாக் காலேஜ் பாடமும், ஒவ்வொரு காலேஜின் அதிகாரபூர்வ டிரான்ஸ்கிரிப்டோடு தர வேண்டும். 'ஹைஸ்கூல்' என்ற தனி வரிசையில் காட்டுவார்கள், ஆனால் மொத்த ஜி.பி.ஏ.வில் சேரும். பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ், மேத் என்றால் அறிவியல் ஜி.பி.ஏ.விலும் சேரும். சட்டக் கல்லூரி விண்ணப்ப அமைப்பான எல்.எஸ்.ஏ.சி.யும் இப்படித்தான்.

ஏ.பி. தேர்வில் 2 வந்தால் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, அத்தோடு போச்சு. டி.இ.யில் 'சி' வந்தால் எட்டு வருடம் கழித்தும் பதில் சொல்ல வேண்டும். ப்ரீமெட் நினைப்பு இருந்தால் ஜெனரல் கெமிஸ்ட்ரி, பயாலஜி போன்ற கட்டாயப் பாடங்களை டி.இ.யில் எடுக்காதீர்கள். கம்யூனிட்டி காலேஜ் பாடத்தை விரும்பாத மருத்துவக் கல்லூரிகள் உண்டு. சைக்காலஜி, சோஷியாலஜி, புள்ளியியல் போல எடுத்தால் பாதகமில்லை.

#11 · செம்பருத்தி_94539

டாக்டரம்மா, இது தெரியவே தெரியாது! சரி, பாதியில் கஷ்டமாகத் தெரிந்தால் டிராப் செய்துவிடலாம் அல்லவா? எப்போது வரை?

#12 · லைப்ரரி_லட்சுமி

ஒவ்வொரு வகுப்புக்கும் மூன்று தேதி. ரீஃபண்ட் தேதி, 'டபிள்யூ' (விலகினார் என்ற குறிப்பு) விழாமல் விலகும் தேதி, 'டபிள்யூ'வோடு விலகும் கடைசித் தேதி. பொதுவாகப் பருவத்தில் ஐந்தில் ஒரு பங்கு போகும் முன் விலகினால் டிரான்ஸ்கிரிப்டில் சுவடே இருக்காது. அதற்குப் பிறகு நான்கில் மூன்று பங்கு வரை 'டபிள்யூ'. அதையும் தாண்டினால் வந்த கிரேடுதான். 16 வாரப் பருவத்தில் முதல் கட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கும். 6 வாரக் கோடை வகுப்பில் ஒரு வாரம் ஆனதும் போச்சு! முதல் தேர்வு நடப்பதற்குள் தேதி தாண்டிவிடும், அதனால் கோடையில் கடினப் பாடம் எடுக்க வேண்டாம் என்பேன்.

நேரக் கணக்கு: 3 யூனிட் என்றால் வாரம் 3 மணி வகுப்பு, 6 மணி வீட்டு உழைப்பு. அதே பாடம் 6 வாரத்தில் என்றால் வாரம் 24 மணி.

வகுப்புக்குப் போகாமல் இருந்தால் காலேஜே நீக்கிவிடும் என்று நம்பாதீர்கள். நீக்கினாலும் நீக்குவார்கள், விட்டாலும் விடுவார்கள். விட்டால் கடைசியில் 'எஃப்'. போர்ட்டலில் போய் நாமே 'டிராப்' அழுத்தி, உறுதிச் செய்தியைப் படம் எடுத்து வைக்க வேண்டும்.

ஒரு 'டபிள்யூ'வால் சேர்க்கை கெடாது. மூன்று நான்கு சேர்ந்தால் கேள்வி வரும். பின்னாளில் அதே காலேஜில் நிதி உதவியோடு படிப்பதாக இருந்தால் 'டபிள்யூ'வும் முயன்ற யூனிட்டாக எண்ணப்படும். முயன்றதில் ஏறக்குறைய 67 விழுக்காடு முடித்திருக்க வேண்டும் என்பது பல இடங்களில் அளவுகோல்.

பெற்றோருக்கு ஒரு அதிர்ச்சி: 1974-ஆம் வருட ஃபெர்பா சட்டப்படி காலேஜில் சேர்ந்த நிமிடமே அங்குள்ள பதிவுகளின் உரிமை மாணவருக்குப் போய்விடும், வயது 15 ஆனாலும். புரொஃபசருக்கு அம்மா மெயில் போட்டால் பதில் வராது. வந்தாலும் "உங்கள் மகள் எழுதட்டும்" என்று வரும். சிலபஸ், ஆபீஸ் அவர், கெடு தேதி எல்லாம் அவளே பார்த்துக்கொள்கிற பக்குவம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஜி.பி.ஏ. கணக்கெல்லாம் அதற்குப் பிறகு.

#13 · கணக்குப்பிள்ளை

கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் சாய்ந்தால் கணக்குத் தொடரில் ஒரு பொறி இருக்கிறது, அதையும் சொல்கிறேன். பே ஏரியாவில் டி ஆன்சா, ஃபுட்ஹில் இரண்டும் குவார்ட்டர் முறை (செமஸ்டரை விடக் குறுகிய பருவங்கள்). கால்குலஸ் தொடர் 1ஏ, 1பி, 1சி, 1டி என்று நான்காக உடைந்திருக்கும். ஒவ்வொன்றும் 5 குவார்ட்டர் யூனிட், அதாவது 3.33 செமஸ்டர் யூனிட். பெர்க்லியும் மெர்செடும் செமஸ்டர். மற்ற இளங்கலை யூ.சி. வளாகங்கள் குவார்ட்டர். 1ஏ மட்டும் முடித்துவிட்டு நின்றால் செமஸ்டர் வளாகத்தின் முதல் கால்குலஸோடு நேருக்கு நேர் பொருந்தாமல் போகலாம். ஏ-ஜிக்கு அது போதும், மேஜருக்குப் போதாது. தொடங்கினால் ஒரே காலேஜில் தொடரை முடிக்கிற மாதிரித் தொடங்குங்கள். இல்லையென்றால் பள்ளியில் ஏ.பி. பி.சி. எழுதி, பன்னிரண்டாவதில் மல்டிவேரியபிள், லீனியர் அல்ஜீப்ரா மட்டும் செமஸ்டர் காலேஜில் எடுக்கலாம். உங்கள் மகளின் நிலைக்கு இரண்டாவதுதான் என் ஓட்டு.

ஏ.பி. மதிப்பெண் மாநிலம் தாண்டியும் செல்லுபடி, ஆனால் மே மாதம் ஒரே நாளில் தீர்ப்பு. டி.இ. நான்கு மாத உழைப்புக்குக் கிரேடு, ஆனால் மதிப்பு மாநிலத்துக்குள்தான் உறுதி. யூ.சி. தவிர வேறெங்கும் போக மாட்டாள் என்றால் டி.இ. கொஞ்சம் தாராளமாக எடுக்கலாம். பட்டியலில் பிரைவேட் இருப்பதால் ஏ.பி. முதுகெலும்பாக இருக்கட்டும்.

#14 · சான்ஹோசே_சங்கர்

சரி, ஒப்புக்கொள்கிறேன். :) நிறைய யூனிட் சேர்ந்துவிட்டால் டிரான்ஸ்ஃபர் மாணவர் ஆக்கிவிடுவார்களா? எங்க குழுவில் அப்படி ஒரு பயம் ஓடுது.

#15 · நியூஜெர்சி_நக்கீரன்

ஆக்க மாட்டார்கள். பள்ளி முடிப்பதற்கு முன் எடுத்த யூனிட் எத்தனை ஆனாலும் யூ.சி.யில் அவர் முதலாண்டு விண்ணப்பதாரர்தான். 60 யூனிட்டோடு வந்தாலும் அப்படியே. பள்ளி முடிந்த கோடையில் எடுத்தாலும் பயமில்லை. அந்தக் கோடை தாண்டி இலையுதிர் பருவத்தில் காலேஜில் தொடர்ந்தால்தான் வகை மாறும்.

#16 · செம்பருத்தி_94539

கடைசியாக ஒன்று. விண்ணப்பத்தில் எப்படிப் போட வேண்டும்? பள்ளி டிரான்ஸ்கிரிப்டிலும் அந்தப் பாடம் ஏறியிருந்தால்?

#17 · லைப்ரரி_லட்சுமி

ஒரே ஒரு இடத்தில், காலேஜ் பெயருக்குக் கீழே. யூ.சி. விண்ணப்பத்தில் காலேஜைத் தனியாகச் சேர்த்து, பருவம், யூனிட், கிரேடு போட வேண்டும். பள்ளிப் பகுதியிலும் போட்டால் இரட்டை எண்ணிக்கை. 'டபிள்யூ', 'டி', 'எஃப்' எதையும் மறைக்கக் கூடாது. விண்ணப்பத்தின்போது டிரான்ஸ்கிரிப்ட் கேட்க மாட்டார்கள். ஜூலை 1-க்குள் ஒவ்வொரு காலேஜிலிருந்தும் கேட்பார்கள், பொருந்தாவிட்டால் சேர்க்கையையே ரத்து செய்யலாம்.

பன்னிரண்டாவதில் 'பிளான்ட்' (எடுக்கத் திட்டம்) என்று போட்ட வசந்தகால டி.இ.யை எடுக்காமல் விட்டாலும், நடுவில் விலகினாலும் வளாகத்துக்கு போர்ட்டல் வழியாக உடனே தெரிவிக்க வேண்டும். சீனியர் வருடத்தில் 'டி' வந்தாலும் இதே கதைதான்.

டிரான்ஸ்கிரிப்ட் ஆர்டர் செய்யும்போது 'ஹோல்ட் ஃபார் கிரேட்ஸ்' கட்டத்தை டிக் செய்யுங்கள். இல்லையென்றால் கிரேடு ஏறாத காலி டிரான்ஸ்கிரிப்ட் போய்ச் சேர்ந்து, இன்னொரு முறை காசு கட்ட வேண்டிவரும்.